மறுபடியும் கிரேன் கேபினுக்கு

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் நான் கிரேன் ஓட்டுகிறேன். கூரையை ஒட்டி ஓடுகிற கிரேன். கேபினுக்குப் போகச் செங்குத்தான இரும்பு ஏணியில் ஏற வேண்டும். ஒன்பது வருடம் அந்த ஏணியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

நாற்பத்தெட்டு வயதில் மாதவிலக்கு தாறுமாறானது. இரண்டு மாதம் வராது, வந்தால் நிற்காது. திடீர் திடீரென்று உடம்பு காந்தும். கூடவே வயிற்றைச் சுற்றி எடை ஏறியது, முழங்கால் வலித்தது. ஒருநாள் பாதி ஏணியில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன்.

ஷிப்ட் இன்சார்ஜ் என்னைவிடச் சின்னவர், நல்ல மனிதர். "கீழ பேக்கிங்ல உக்காந்துக்கக்கா. உனுக்கு எதுனா ஆச்சுன்னா நான் இன்னா பண்றது?" என்றார்.

"மூணு மாசம் டைம் குடுங்க சார். அப்பறம் பாருங்க" என்றேன். அதுவரை கீழே பேக்கிங்கில் உட்கார்ந்தேன்.

முதலில் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். இரண்டு கிலோ இறங்கியது. பிறகு பேக்கிங் மேசையிலேயே தலைசுற்றி விழுந்தேன். இறங்கிய எடையும் திரும்பி வந்தது.

திருவள்ளூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். "பட்டினி கெடந்தா கொழுப்போட சதையும் சேந்து கரஞ்சிடும். இந்த வயசுல சதை தானாவே கொறையும். சோத்தக் கொறைச்சிட்டு முட்டை, பயறு நல்லா சாப்பிடுங்க. கனம் தூக்குங்க" என்றார்.

"நான் தினம் பத்து டன் தூக்கறவ டாக்டர்."

"அது கிரேன் தூக்குது" என்றார் அவர், சிரிக்காமல்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், இரண்டு பிளாஸ்டிக் கேன்களில் மணல் நிரப்பித் தந்தார். காலையில் வாசலில் அவற்றைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுவேன். தெருவே பார்க்கும். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். அவர் பல் துலக்கியபடி எண்ணுவார். "இன்னும் ரெண்டு. நிக்காத."

முதல் மாதம் எடை மெஷின் அசையவே இல்லை. அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன். இரண்டாவது மாதம் முழங்கால் வலி போனது. ரயில் நிலையப் படிக்கட்டில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். மூன்று மாத முடிவில் மெஷினை இறக்கி ஏறிப் பார்த்தேன்; நான்கு கிலோதான் குறைந்திருந்தது. ஆனால் உடம்பு என் சொல் கேட்டது.

இன்சார்ஜ் ஏணியடியில் நின்று பார்க்க, ஏறினேன். பாதியில் அந்தக் காந்தல் வந்தது. கையுறைக்குள் வேர்த்து ஊற்றியது. பிடியை இறுக்கி, ஒரு மூச்சை நீளமாக விட்டு, நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்தேன்.

வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது. "அக்கா, பேக்கிங்குக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். மொத லோடு ரெடி."

ஹாரனை அடித்துக் கொக்கியை இறக்கினேன். கம்பிக்கட்டு தரையைவிட்டு ஆடாமல் எழுந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நான் கீழே இறங்கவில்லை.