உம்மா கழுவிய பாசி

நோன்பு வருகிறதென்றால் கல்முனைக்குடியில் கூரை தவிர்ந்த யாவும் கழுவப்படும். அவ்வாண்டு உம்மா என் பாசியையும் கழுவிவிட்டார்.

எட்டாந்தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள் கோடானுகோடியாய்த் திரண்டதே நீலப்பச்சைப் பாசி என்றும், வெயில் பட்டால் அது ஒட்சிசனைக் குமிழியாய் விடும் என்றும் விஞ்ஞான ஆசிரியை கூறியிருந்தார். வகுப்பு நம்பாமல் நகைத்தது. கொண்டுவந்து காட்டுவதாக நான் சூளுரைத்துவிட்டேன். நோன்பு விடுமுறைக்கு முந்திய கடைசிப் பள்ளிநாள் மறுநாள்தான். தவறினால் மாதம் முழுவதும் என் பெயர் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

மாலையில், பாசியைச் சேர்த்து வைத்திருந்த போத்தலைத் தேடினேன். மதில்மேல் அது பளிங்குபோல் மின்னியது.

"எப்பிடி மினுங்குது பாரு, மகள்!" என்றார் உம்மா, பெருமிதத்துடன்.

"அல்லாஹ்வே! உம்மா, அது உசிரோட இருந்த பாசி! மூச்சு உடும்!"

"பாசி மூச்சு உடுமாம்! நாளைக்கு ஸலாமும் சொல்லும்," என்பது என் அண்ணனான காக்காவின் நையாண்டி.

நான் அழுததும் உம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். தெருவில் எந்த வீட்டிலும் பாசி எஞ்சியிராது. எனினும், குழாய்க்கிணற்றடிச் சீமெந்தின் பின்புற வெடிப்பை அவர் அறிவார்.

"இது மட்டும் தேய்ச்சாலும் போகாது, சுண்ணாம்பு போட்டாலும் போகாது. இந்த ஊட்டக் கட்டின நாளையில இருந்து எனக்கும் இதுக்கும் சண்டை."

கரண்டியால் சுரண்டிப் புதுநீரோடு போத்தலில் இட்டார். காலையில் கேட்டபோது தர மறுத்தார்.

"வெயில் ஏறட்டும். நான் கொண்டாறன்."

இடைவேளை மணி அடித்தது. உம்மாவைக் காணவில்லை. "எங்கடி உன்ட பாசிட மூச்சு?" என்று தோழியர் சூழ்ந்துகொண்டனர்.

அப்போது பள்ளி வாயிலில் உம்மா! போத்தலைத் தலைக்குமேல் உயர்த்தியவாறு, ஆசிரியையையும் பொருட்படுத்தாமல், "மகள்! உடுது, உடுது!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்தார். அடியில் கிடந்த பாசி எழுந்து மிதந்தது. அதன் மேனியெங்கும் கடுகளவிலும் மிளகளவிலும் வெள்ளிக் குமிழிகள். வகுப்பு ஆர்ப்பரித்தது. நான் துள்ளிக் குதித்தேன்.

உம்மா தூணைப் பற்றியவாறு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார். மீனும் மரமும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இப்பாசியின் மூதாதைகள் கடலில் கிடந்து, குமிழி குமிழியாக விட்டே, ஒட்சிசன் இல்லாதிருந்த காற்றை மாற்றின என்பதை அன்று நான் அறியேன். வாழ்நாளெல்லாம் அவற்றோடு பொருத உம்மா, அவை தொடக்கிவைத்த அந்தக் காற்றைத்தான் வாரி வாரி இழுத்துக்கொண்டிருந்தார்.

நானோ, அவருக்குத் தண்ணீர்தான் வேண்டுமென்று எண்ணிக் குழாயடிக்கு ஓடினேன்.