தைராய்டு டப்பாவில் இருந்த மாத்திரை

டாக்டர் அறையில் நோயாளிக்கு ஒரு ஸ்டூல், கூட வந்தவருக்கு ஒரு நாற்காலி. நாற்காலியில் இருப்பவர் பேச வேண்டும், ஸ்டூலில் இருப்பவர் தலையாட்ட வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதுதான் நடைமுறை. யார் இப்படி வகுத்து வைத்தார்களோ, அவர்கள் நாசமாய்ப் போக.

திண்டுக்கல்லில் அன்றைக்கு ஸ்டூலில் இருந்தவள் சுகன்யா. வயது முப்பத்தெட்டு, எடை தொண்ணூற்றாறு. நாற்காலியில் இருந்தவள் அவள் கணவன் மணிமாறனின் அக்கா புவனேஸ்வரி, சுகன்யாவுக்கு மதினி முறை. எடை குறைக்கிற ஊசி போட்டுப் பதினான்கு கிலோ இறங்கியவள். இறங்கிய நாளிலிருந்து, சொந்தத்தில் யார் கொஞ்சம் சதையாக இருந்தாலும் அவளுக்குப் பொறுக்கவில்லை. தம்பியை நச்சரித்துச் சம்மதிக்க வைத்து, சுகன்யாவை ஒட்டன்சத்திரத்திலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மூட்டுவலியும் எல்லையைத் தொட்ட சர்க்கரையும் இருந்ததால் சுகன்யாவும் மறுக்கவில்லை. ஊசியின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று டாக்டர் நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

"தைராய்டுக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க. ரெண்டு வருசமா தெனமும் காலையில போடுறா" என்றாள் புவனேஸ்வரி.

சுகன்யா வாயைத் திறந்தாள். புவனேஸ்வரி அதற்குள் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சுகன்யா வாயை மூடிக்கொண்டாள். டாக்டரின் பேனா தைராய்டு என்று எழுதிவிட்டு நகர்ந்தது.

அவளுக்குத் தைராய்டு இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

சுகன்யாவின் தொழில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. ஒட்டன்சத்திரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் காலை ஆறு மணிக்கு அவள் குரல் கேட்கும். சைக்கிள்கூட ஏறாத பெண்களை இருபது நாளில் மார்க்கெட் நெரிசலில் ஓட்ட வைத்துவிடுவாள். பத்து வருடத்தில் எத்தனை பேர் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால், பைபாஸில் கேரளாவுக்குத் தக்காளி ஏற்றிப்போன லாரி ஒன்று அவள் வண்டியை உரசிவிட்டுப் போனது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு ஹாரன் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொண்டது. கை நடுங்கியது. சாவியைப் போட்டுவிட்டு வண்டியில் ஏற முடியாமல் அரைமணி நேரம் நிற்பாள். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கயிறு இருந்தது, நடுக்கமும் இருந்தது.

அவளிடம் வண்டி கற்றுக்கொண்ட தீபா என்ற நர்ஸ்தான், யாருக்கும் தெரியாமல் அவளைத் திண்டுக்கல்லில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் பதற்றத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். ஒன்றரை மாதத்தில் சுகன்யா மறுபடி மைதானத்தில் நின்றாள். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைதான் அவளை வண்டியில் ஏற்றியது.

அதை வீட்டில் சொல்ல முடியுமா? மணிமாறனின் சித்தப்பா மகன் இப்படி ஒரு மாத்திரை சாப்பிட்டதற்கு, தெருவே அவனுக்கு லூசு என்று பேர் வைத்தது. நிச்சயம் ஆன கல்யாணம் நின்றது. சுகன்யாவுக்கு அந்தப் பேர் வந்தால் யார் தங்கள் பெண்ணை அவளிடம் வண்டி பழக அனுப்புவார்கள்? அதனால் தீபா கொடுத்த காலி தைராய்டு டப்பாவில் மாத்திரைகளைக் கொட்டி, மாத்திரை அட்டைகளைத் தூர எறிந்துவிட்டாள். தைராய்டுக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. தெருவில் பாதிப் பெண்கள் அதைச் சொந்தக்காரியைப் போல விசாரித்துக்கொள்வார்கள். மனசுக்கு அந்த மரியாதை கிடையாது.

முதல் ஊசி போட்ட மறுநாளே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து தங்கியிருந்த புவனேஸ்வரி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வரி வரியாகப் படித்தாள்.

"ஏம்புள்ள, தைராய்டு நார்மல்னு போட்டிருக்கு. பெறகு எதுக்கு இந்தக் கருமத்தை முழுங்குற? இம்புட்டு நாளா இதுதான் உன் உடம்பை ஊத வச்சிருக்கு" என்றாள். டாக்டரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. டப்பாவைத் திறந்து, கழிப்பறையில் கவிழ்த்து, தண்ணீரை இழுத்து விட்டாள்.

சுகன்யா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று கத்த ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஏன் என்ற கேள்வி வரும். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பாதி மதினி மேல், மீதி தன் நாக்கின் மேல்.

மறுபடி வாங்க மருந்துச்சீட்டு வேண்டும், சீட்டுக்குத் திண்டுக்கல் போக வேண்டும், போவதற்கு மதினியிடம் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் ஆகிவிட்டதே, ஒருவேளை இனி தேவைப்படாதோ என்றும் ஒரு நப்பாசை. நாலு நாள் தள்ளினாள். ஊசியால் வாந்தி வந்தது, மாத்திரை இல்லாததால் தலை சுற்றியது. எது எதனால் என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்தது போல் வெட்டியது. புவனேஸ்வரியோ எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள்.

"ஊசி வேலை செய்யுது புள்ள. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

ஊசி போட்ட ஐந்தாம் நாள் காலையில் மைதானத்தில் இன்னாசியம்மாள் வண்டி ஓட்டினாள். அங்கன்வாடியில் சமையல் செய்கிறவள், ஐம்பது வயது, பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய் ஸ்கூட்டர் வாங்கியவள். சுகன்யா பின்னால் உட்கார்ந்திருந்தாள். மைதானத்துக்கு வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. சுகன்யாவின் மண்டைக்குள் வெட்டியது. மூச்சு நின்றுவிட்டதாகத் தோன்றியது. பாய்ந்து முன்னால் கையை நீட்டி ஹேண்டில்பாரை இழுத்தாள். வண்டி சரிந்து இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள்.

இன்னாசியம்மாள் முழங்காலில் ரத்தத்தோடு எழுந்து நின்றாள். "பழகுறவ நானு. நான் ஒழுங்காத்தானே ஓட்டுனேன். நீ எதுக்குத் தாயி நடுங்குற?" என்று கேட்டாள். மற்ற பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். சுகன்யா வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அடுத்தவள் காலை உடைத்திருப்பேனே என்ற நினைப்பு வழியெல்லாம் அவளை அறுத்தது.

வீட்டில் மணிமாறன் மட்டும் இருந்தான். மார்க்கெட்டில் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கிறவன், நாள் முழுக்கக் கத்தியே பேசுகிறவன். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் செய்த காரியம், எழுந்து போய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தியது. பிறகு தாழ்ந்த குரலில், "அக்காவுக்குத் தெரிய வேண்டாம். ஊசி டாக்டர்கிட்டயும் சொல்லாத, அவர்கிட்ட சொன்னா அக்கா காதுக்குப் போயிரும். நான் எப்படியாவது அந்த மாத்திரையை வாங்கித் தாரேன்" என்றான்.

விழுந்ததில் அடி பட்டிருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சுகன்யாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு வருடமாக யாருக்காக ஒளித்தோம், எதற்காக ஒளித்தோம் என்று இரண்டு நாள் நெஞ்சு கொதித்தது. மணிமாறன் மாத்திரை வாங்கி வரவும் இல்லை.

ஏழாம் நாள் இரண்டாவது ஊசிக்குத் திண்டுக்கல் போனார்கள். மணிமாறனுக்கு லோடு இருந்தது, வரவில்லை. டாக்டர் வழக்கம்போல் நாற்காலியைப் பார்த்தார். "எப்படி இருக்காங்க?"

"ரெண்டு கிலோ இறங்கிருச்சுங்க. லேசா வாந்தி. அது சகஜந்தானுங்களே" என்றாள் புவனேஸ்வரி.

"மதினி, செத்த நேரம் பேசாம இருங்க" என்றாள் சுகன்யா.

புவனேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். "நான் வேணும்னா வெளிய இருக்கட்டுமா?" என்று முறைத்தாள்.

"வேண்டாம். இருந்து கேளுங்க." சுகன்யா ஸ்டூலை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்குத் தைராய்டு இல்லைங்க டாக்டர். மனப்பதற்றத்துக்கு ரெண்டு வருசமா மாத்திரை சாப்பிட்டேன். அதைத்தான் தைராய்டுன்னு வீட்டுல சொல்லி வச்சிருந்தேன். போன வாரம் இவங்க அதைக் கக்கூஸ்ல கொட்டிட்டாங்க. முந்தாநாள் கிரவுண்டுல ஒரு அம்மாவை வண்டியோட கீழே தள்ளிட்டேன்."

டாக்டருக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. "படிச்சவங்கதானேம்மா நீங்க? மனநல மாத்திரையைத் திடீர்னு நிறுத்தலாமா? அந்த மாத்திரையோட ஊசியையும் சேர்த்துப் போடுறதா இருந்தா நான் பார்த்துக் கவனிச்சுப் போட்டிருப்பேன். என்ன சாப்பிடுறீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? ஏன் முதல் நாளே சொல்லலை?"

"என்னை நாக்கை நீட்டச் சொன்னீங்க, நீட்டினேன். கையை மடக்கச் சொன்னீங்க, மடக்கினேன்" என்றாள் சுகன்யா. "மாத்திரையைப் பத்தி இவங்ககிட்டத்தானுங்க கேட்டீங்க. தப்பு எம்மேலயும் இருக்கு. ஆனா எங்கிட்ட நீங்க கேக்கவே இல்லைங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியைப் பார்க்காமல், "சொல்லுங்க சுகன்யா, எப்போ ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். அவள் லாரியிலிருந்து ஆரம்பித்தாள். அவர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். அந்த வாரம் ஊசி வேண்டாம் என்றார். அவளுடைய மனநல டாக்டரைப் போனில் பிடித்துப் பேசி, அன்றைக்கே அவரைப் பார்க்க ஏற்பாடு செய்தார்.

சாயங்காலம் மருந்துக்கடையில் சுகன்யா சீட்டை நீட்டினாள். கடைக்காரர் மாத்திரையை எடுத்துக்கொண்டே, "எதுக்கும்மா இது?" என்றார்.

"மனப்பதற்றத்துக்கு" என்றாள், பக்கத்தில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படியாக. அங்கேயே தண்ணீர் வாங்கி ஒன்றை முழுங்கினாள். புவனேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் வருகிறார்களா என்று சாலையைப் பார்த்தாள்.

காரில் ஏறியதும் மணிமாறன் போன் செய்தான். "டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?" என்றுதான் முதலில் கேட்டான்.

"சொல்லியாச்சு. நாளைக்குக் கிரவுண்டுலயும் சொல்லுவேன். இன்னாசியம்மா எனக்கு என்னன்னு தெரியாம இனி எங்கூட வண்டியில ஏற வேண்டாம். இருக்கிறவங்க இருக்கட்டும், போறவங்க போகட்டும். மதினி பக்கத்துலதான் இருக்காங்க, பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை நீட்டினாள்.

புவனேஸ்வரி வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். தம்பி மாற்றி மாற்றி எதையோ கேட்டுக்கொண்டே இருந்தான். "அதை அவகிட்டயே கேளு" என்று போனைச் சுகன்யாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.