எந்தக் கண்ணாடி?

காயப்போட்ட கடல்பாசிக்கு ஒரு வாடை உண்டு. ஹெல்மெட்டுக்குள் புகுந்துவிட்டால் ராமநாதபுரம் போய்ச் சேரும்வரை போகாது. எனக்கு அது பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. ஆனால் நேற்று ஆபீஸ் மீட்டிங்கில், ஏசி அறைக்குள், திடீரென்று அந்த வாடைதான் ஞாபகம் வந்தது...

சாயல்குடிப் பக்கம் ஒரு சோலார் பிளான்ட். என் முதல் வேலை. சேர்ந்த அன்றே ஸ்டோர்ஸ் பார்க்கும் நசீமாக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இங்கன எல்லாரும் சம்பளத்துல டீ காசு போடுறோம். தினம் ஒரு டீ குடிக்காம விட்டதா நெனச்சுக்க. இஷ்டமில்லாட்டி வேணாம்."

டீ காசு. அதுதான் அந்த நிதிக்குப் பெயர். கம்பெனி அதில் கை வைக்காது. சுற்றுப்பட்டில் இருக்கிற சங்கம், சுய உதவிக் குழு, கபடி டீம்... யார் வந்து கேட்டாலும் நாங்கள் கூடிப் பேசி முடிவு செய்வோம். பேனல் கழுவும் பெண்களுக்கும் ஒரு ஓட்டு, பிளான்ட் ஹெட்டுக்கும் ஒரு ஓட்டு. கொடுக்கிற பொருளில் பெயர் எழுதக் கூடாது, போட்டோ கூடாது.

நான் காசு போட்டேன். நம்பிக்கை எல்லாம் இல்லை. மீட்டிங் என்றாலே எனக்கு எரிச்சல்.

அப்படி ஒரு மீட்டிங்குக்கு மாரியூரிலிருந்து காளியம்மாக்கா வந்தார். பாசி எடுக்கும் பெண்கள் சங்கத்தின் தலைவி.

"எங்க பொம்பளைகளுக்குக் கண்ணாடி வேணும்யா. பழசெல்லாம் மங்கிப் போச்சு. கண்ணு எரியுது, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. தடைக்காலத்துக்கு நிப்பாட்டி வச்ச பாசி எடுப்பு அடுத்த மாசம் ஆரம்பிக்குது. கண்ணாடி இல்லாட்டி பாதிப்பேரு கரையிலதான் கெடக்கணும். பிள்ளைக படிப்பே அதுலதான் ஓடுது."

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? உடனே எல்லோரும் கை தூக்கினோம். எங்களில் பாதிப்பேர் வானம் பார்த்த பூமிக்காரர்கள். பாசி என்றால் கரையில் குனிந்து பொறுக்குவது என்று நினைப்பு. கீழக்கரைக்காரரான நசீமாக்காவும் கப்பல் கதை கேட்டு வளர்ந்தவர்தான், பாசிக் கதை அல்ல.

ராமநாதபுரத்திலிருந்து கண் டாக்டரை வரவழைத்து, மாரியூர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் வைத்தோம். பெண்கள் வரிசையாக வந்து எழுத்துகளைப் படித்தார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு முதலில் கண்ணை டெஸ்ட் பண்ணுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்களாம்!

பிறகு ஒருநாள் கண்ணாடிகளைக் கொண்டுபோனோம். அழகான பிரேம். காளியம்மாக்கா ஒன்றை மாட்டி எங்களைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். மெதுவாகக் கழற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி... ஆனா இதப் போட்டுக்கிட்டுத் தண்ணிக்குள்ள எப்படி முங்குறது?"

 பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"ஏடி, கயித்தக் கட்டி மாட்டிக்க. மீனெல்லாம் டீச்சர் வந்துட்டாகன்னு எந்திரிச்சு நிக்கும்!"

கடற்கரையே சிரித்தது. நசீமாக்கா மட்டும் சிரிக்கவில்லை. "யா அல்லாஹ்... முங்குற கண்ணாடியா?" என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பழைய கண்ணாடி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். கண்ணையும் மூக்கையும் மூடுகிற வகை. ரப்பர் கிழிந்து, சைக்கிள் டியூபால் கட்டியிருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். என் கையே எனக்குத் தெரியவில்லை. இதோடுதான் பாறைக்கு நடுவே முங்குகிறார்கள்...

மறுநாள் மீட்டிங். நிதியில் ஒன்றும் மிச்சமில்லை. நான் எழுந்து, "என்ன மாதிரி வேணும்னு ஸ்பெக் கேக்காம ஆர்டர் போட்டா இப்படித்தான். இனிமே அடுத்த வருசம்தான்" என்றேன்.

நசீமாக்கா சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. "அவுக சரியாத்தான் கேட்டாக. நம்ம காதுலதான் வேற விழுந்துச்சு. அதுக்கு அவுக எதுக்குக் கரையில கெடக்கணும்?"

அப்போது செக்யூரிட்டி இருளாண்டி அண்ணன் எழுந்தார். ஆண்டு விழாப் பிரியாணிக்கு வருஷம் முழுக்கக் காத்திருக்கிற மனுஷன்.

"இந்த வருசம் பிரியாணிய விட்டுட்டு அந்தக் காசுல கண்ணாடி வாங்கிருவமா? பிரியாணி எங்கன ஓடிப்போகப் போகுது?"

முதலில் கை தூக்கியவர்கள் பேனல் கழுவும் பெண்கள். கடைசியாகத் தூக்கியவர் பிளான்ட் ஹெட். மனிதருக்கு மட்டன் என்றால் உயிர். பாவம், சீலிங்கைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்.

காளியம்மாக்காவே கடைக்குக் கூட வந்து பார்த்து எடுத்தார். பாசி எடுப்பு தொடங்குமுன் முங்குகிற கண்ணாடி எல்லோர் கைக்கும் போய்விட்டது. ஆண்டு விழாவுக்குக் கேன்டீன் சாம்பார்சோறு. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நான் எளிதில் யாரையும் பாராட்டுகிறவன் இல்லை. அன்று அந்த ஆட்களைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

அவர்கள் கடலில் இறங்கிய முதல் நாள் போய்ப் பார்த்தேன். காளியம்மாக்கா ஈரத்தோடு கரையேறினார். முங்குகிற கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. பாசியில் சிக்கிய தூசி தும்பைப் பொறுக்க உட்கார்ந்தவர், பையிலிருந்து எங்கள் டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"நெத்தியில ஒண்ணு, மூக்குல ஒண்ணு. இப்ப எங்களுக்கு ஆளுக்கு நாலு கண்ணு தம்பி!"

அதற்குப் பிறகு டீ காசு கேட்டு யார் வந்தாலும் முதலில் அவர்கள் இடத்துக்குப் போய்ப் பார்ப்பது வழக்கமானது. பிளான்ட்டிலும் யாராவது மொட்டையாக ஒரு வேலை சொன்னால் உடனே கேட்போம்: "எந்தக் கண்ணாடி?"

இப்போது சென்னையில் பெரிய கம்பெனி. உதவி செய்ய ஆப் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் என் பெயர் போட்டு சர்ட்டிபிகேட் வருகிறது. அதுவும் நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை.

நேற்றைய மீட்டிங்கில் ஒரு ஸ்லைடு வந்தது. ஏதோ ஒரு கிராமத்துக் குழு டேங்க் கேட்டிருக்கிறதாம். என்னை அறியாமல், "எந்தக் கண்ணாடி?" என்று கேட்டுவிட்டேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"கண்ணாடி இல்ல ப்ரோ, டேங்க்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"போய்ப் பாத்தீங்களா?"

"மெயில் வந்துச்சு ப்ரோ."

மீட்டிங் முடிந்ததும் எல்லோருக்கும் பிரியாணி வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

வாயில் என்னவோ அந்த வருஷத்துக் கேன்டீன் சாம்பார்தான்...