சூடான அரிசி முடிச்சு

மலாயாவில் மெர்போக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட வருஷம், அக்கா மகனுக்கு ஒன்றரை வயது. இடது கையால் எதையும் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். வலது கை மட்டும் எப்போதும் மூடியே இருக்கும், கட்டைவிரல் உள்ளே மடங்கிக் கிடக்கும். அது செத்த கை இல்லை, விளையாட்டுக் காட்டியே எழுப்பலாம் என்று சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை வரும் வெள்ளைக்கார நர்ஸ் மிஸ்ஸி சொன்னார்.

நான் அப்போதுதான் டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி சொன்னதை அக்காவுக்குத் தமிழில் சொல்லப் போனவள், அதிலேயே மூழ்கிப்போனேன். மூடிய விரல்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது. முதலில் கைக்குச் சூடு காட்ட வேண்டும். பிறகு மணிக்கட்டை மெல்ல மடக்கினால் விரல்கள் தாமாகவே தளரும். பயந்தால் இன்னும் இறுகும். பால்மரம் சீவிவிட்டு வந்து களைத்துக் கிடக்கும் அக்காவிடம் இதையே நான் சொல்லிச் சொல்லி, "ஒன்னோட மிஸ்ஸிய இங்க வந்து மரம் வெட்டச் சொல்லுலா" என்று ஏச்சும் வாங்கினேன்.

ஆனாலும் அக்கா செய்தாள். ஒரு பிடி பங்கீட்டு அரிசியைச் சட்டியில் வெதுவெதுப்பாக வறுத்து, பழைய சட்டைத் துணியில் முடிந்து, தினமும் அந்தக் கையின் மேல் வைத்தாள். பிள்ளை சிரிப்பான். விரல் தளரும்.

அரிசி கம்பிக்குள் இருக்கும்வரை அது வெறும் அரிசி. கேட்டைத் தாண்டி ஒரு பிடி போனாலும் காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று அர்த்தம். அதற்கு முந்தின வாரம்தான் இடுப்புத் துணியில் அரிசி வைத்திருந்த ஒருவரைப் போலீஸ்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி இன்னும் ஆபீஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மிஸ்ஸி வரும் நாள். ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டில் சோதனை வரிசையில் நிற்கும்போது பிள்ளையை அக்காவிடமிருந்து வாங்கினேன். அவனைச் சுற்றியிருந்த சால்வைக்குள் வலது கை கதகதவென்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன். முடிச்சு!

"அக்கா, என்னா இது?"

"மிஸ்ஸி பாக்கறப்ப கை எளக்கமா இருக்கட்டுமேன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவளின் முகம் வெளுத்தது. அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

கீழே போட முடியாது, பின்னால் ஆட்கள். திரும்பி லயத்துக்கு நடந்தால் கூப்பிடுவார்கள்.

பெண்களைச் சோதிக்க எங்கள் லயத்துப் பெண் ஒருத்தியையே வைத்திருந்தார்கள். "வாங்க டாக்டரம்மா, இன்னிக்கும் ஊசி போடவா?" என்று என்னைக் கேலி செய்து சிரித்தபடி சால்வைக்குள் கைவிட்டவள் அப்படியே நின்றாள். அவள் மறைக்க நினைத்தாளோ என்னவோ, அதற்குள் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்ற மலாய்க் காவலர் பார்த்துவிட்டார். முடிச்சைக் கத்தியால் கீறினார். உள்ளங்கையில் பழுப்பு அரிசி கொட்டியது.

"பெராஸ்!"

அரிசிதான். வறுத்த அரிசி. அடுப்பில்லாமல் மெல்லலாம், புகை எழாது, காட்டுக்கு அதைவிடத் தோதான சாப்பாடு எது? அவர் கண்ணில் அதுதான் ஓடியது. அக்கா அழத் தொடங்கினாள்.

பள்ளிக்கூட மலாய் முழுவதையும் கொட்டினேன். பிள்ளைக்குக் கை சரியில்லை ஐயா, இது ஒத்தடம், பாருங்கள் என்று அவன் மணிக்கட்டை மடக்கினேன். அவன் வீறிட்டான். விரல்கள் இரும்பாக இறுகின.

காவலர் எங்களைக் காவல் குடிசைக்குள் உட்கார வைத்தார். வெளியே டவுனுக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்தது, போய்விட்டது. அவர் பிள்ளையின் மூடிய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அரிசியை அந்தக் கிழிந்த துணியோடு என்னிடம் நீட்டினார். "திறந்து காட்டு."

அரிசியில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. துணியைச் சுருட்டி அந்தக் கையின் மேல் வைத்தேன். அக்காவிடம், "அழுவாத. நீ அழுதா அவன் தொறக்க மாட்டான்" என்றேன். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு பிள்ளையின் காதில் ஏதோ முணுமுணுத்தாள். சோதனைக்காரப் பெண்ணும் வரிசையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். எல்லோரும் ஒரு குழந்தையின் கைமுட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். திறக்காவிட்டால் அக்காவை எந்த லாரியில் ஏற்றுவார்கள் என்பதுதான் என் தலைக்குள் ஓடியது.

சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது. பிறகு மற்றவை. கடைசியில் கட்டைவிரல், பாதி.

காவலர் அரிசியை வாங்கி வைத்துக்கொண்டார். "போ" என்றார்.

அன்று மிஸ்ஸியைப் பார்க்க முடியவில்லை. அதன்பின் அக்கா அரிசியைத் தொடவில்லை. மணலை வறுத்தோம், அதையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம். ஆனாலும் கேட்டை நெருங்கும்போதெல்லாம் நான் சால்வைக்குள் கைவிட்டுத் துழாவிப் பார்த்துக்கொள்வேன்.

சில மாதம் கழித்து, பிள்ளை தானாக அந்தக் கையால் என்ன செய்கிறான் என்று மிஸ்ஸி ஆவலாகக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பந்து பிடிக்கிறான் என்று எதையோ சொல்லி வைத்தேன். அவன் தானாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான். கேட்டில் சோதனைக்காரப் பெண்ணைக் கண்டதும், யாரும் சொல்லாமலே, அந்தக் கையைச் சால்வைக்கு வெளியே நீட்டி, விரல்களைப் பிரித்துக் காட்டுவான்.