அண்ணன் காருக்கு அம்மா தேர்ந்தெடுத்த பிஸ்டன்

இன்று வேங்கிக்கால் மெக்கானிக் கடையில், அண்ணனின் பழைய கார் இன்ஜினை மொத்தமாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

மெக்கானிக் கேட்டார்: "தம்பி, இப்பவே வேகம் வேணும்னா ஒரு பிஸ்டன். அப்புறமா டர்போ மாட்டிப் பறக்கணும்னா கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம், கம்மியான பிஸ்டன். எது போடட்டும்?"

அண்ணன் என் பக்கம் திரும்பினான். ஒரு வாரமாக இதையே படித்துக்கொண்டிருந்த நான், "டர்போவுக்கானதுதான்! காசு சேர்ந்ததும் மாட்டிக்கலாம்" என்றேன்.

வேகம் என்றாலே பயப்படும் அம்மாதான் பணம் தர வந்திருந்தார். "அதுவரைக்கும் வண்டி எப்படி ஓடும்?"

"முன்னவிட கொஞ்சம் மந்தமாதாங்க ஓடும்" என்றார் மெக்கானிக்.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அதையே போடுங்க! இன்னும் மந்தமா இருந்தாலும் பரவால்ல."

அப்போதிலிருந்து அண்ணன் என்னோடு பேசவில்லை. அம்மா டர்போவுக்கு எந்த வருடம் பணம் தருவார்? கணித்துச் சொல்லுங்கள்.