கல்யாணக் காரின் கன்வர்ட்டர்

எங்கள் மகளின் திருமணத்துக்கு முந்தைய நாள் காலை, வாழைமரம் கட்ட வந்தவர் முதல் பந்தல்காரர் வரை எல்லோரும் என் கணவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவரோ தமது பழைய ஜப்பானியக் காருக்கடியில் மல்லாந்து கிடந்தார். மகளை அந்தக் காரில்தான் மாதா கோயிலுக்கு அழைத்துப்போவேன் என்று அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே சொல்லிவைத்தவர். முந்தின வாரம் தொப்பூர் மேட்டில் அது இரைத்து இரைத்து நின்றுபோயிருந்தது.

உதவிக்கு வந்திருந்தவர் தொப்பூர் லாரி மெக்கானிக்.

“பிஸ்டனே கெடையாதா? அப்புறம் எப்படிங்க சார் ஓடுது?”

“உள்ள ஒரு முக்கோணம் சுத்தும்பா. ரோட்டரி எஞ்சின்.”

“அதுதான் சுத்தாம நிக்குது,” என்றேன் நான்.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைத்துக்கொண்டது என்பது கணவரின் கணிப்பு. அதைக் கழற்ற விடாமல் போல்ட்டுகள் துருவேறிக் குழாயோடு ஒன்றியிருந்தன. டீசலை ஊற்றினார்கள், கேஸ் வைத்துச் சுட்டார்கள், சுத்தியலால் தட்டினார்கள். கடைசி போல்ட்டின் தலை முறிந்தபோது மெக்கானிக் ஒரு வசையை உதிர்த்துவிட்டு, “மன்னிச்சுக்கங்கம்மா,” என்றார். அதே வசையைக் காலையிலிருந்து நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கழன்று வந்ததை வெயிலில் தூக்கிப் பார்த்தார்கள். தேன்கூடு போன்ற உட்பகுதி கரி அடைத்து, ஓரிடத்தில் உருகியும் போயிருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம்கூட ஊடுருவவில்லை.

“பெட்ரோல்ல என்னங்க சார் ஊத்துனீங்க?”

“கொஞ்சம் ஆயில்.”

“கொஞ்சமா?”

“மொபெட்டுக்கு ஊத்துற அளவு. சரி, கூடக் கொஞ்சம்.”

அந்த எஞ்சின் தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று கையேட்டில் இருப்பதை அவருக்கு வாசித்தே காட்டியிருக்கிறேன். ஆனால் அவர் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டிய மொபெட் காலத்து மனிதர். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் இறுகிவிடும் என்ற பயம் போகவில்லை. விருந்தாளியின் இலையில் நெய் ஊற்றுவதுபோல், போதும் என்றாலும் கேட்காமல் ஊற்றியிருக்கிறார்.

புதிய கன்வர்ட்டர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். இப்போதைக்கு மெக்கானிக் அந்த இடத்தில் வெறும் குழாயைப் பற்றவைத்தார். கார் உயிர்பெற்ற சத்தத்தில் பந்தல்காரர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். நீலப்புகை வாசலை நிறைத்தது. மருதாணிக் கைகளை விரித்தபடி மகள் வெளியே வந்தாள்.

“அப்பா, இதுல போனா ஃபாதர் பூசைய நிறுத்திட்டு வெளிய ஓடியாந்துருவாரு. அதுவும் வெள்ளைப் பொடவைங்கப்பா.”

“ஜன்னல ஏத்திக்கலாம்மா.”

“வேணாங்க,” என்றேன். “இப்படிப் பொகைய விட்டுக்கிட்டு ரோட்டுல போவவே கூடாது. என் தம்பி காரு இருக்குது.”

அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

மறுநாள் தம்பியின் காரை அவர்தான் ஓட்டினார். பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அவரோ மாட்டுவண்டி வேகத்தில் போனார். பின்னால் வந்த லாரிகளெல்லாம் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டின.

“அப்பா, சீக்கிரம் போங்கப்பா.”

“எரவல் வண்டிம்மா. மெதுவாத்தான் போவணும்.”

முன்னிருக்கையில், அவர் பக்கத்தில், அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். பின்னாலிருந்து திட்டுவதற்கு வாய் திறந்த நான், திட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருமணம் தாமதமாகத்தான் தொடங்கியது.