வருவார் என்று நம்பப்படுகிறது

1. புறாவின் கால்

நான் செயலாளராகச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு புறாவின் காலைப் பற்றிக் கருத்துச் சொல்வது.

திண்டிவனத்தில் எங்கள் அறக்கட்டளையின் அலுவலகம். அதன் பெயரில் விடுதலை என்ற சொல் உண்டு. அதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஏழைகள் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் கிடக்கும் நிலையை மாற்றுவது நோக்கம். அன்று அறங்காவலர் கூட்டம். புது லோகோவில் ஒரு புறா விலங்கை உடைத்துக்கொண்டு பறக்கிறது. விலங்கு அதன் காலில் தொங்க வேண்டுமா, தரையில் உடைந்து கிடக்க வேண்டுமா என்பதில் பிளவு.

"கைவிலங்க எப்படி சார் கால்ல மாட்ட முடியும்? ஜனங்க சிரிப்பாங்க" என்றார் பேராசிரியர். அவர் ஓய்வு பெற்றவர்.

"அது குறியீடு சார். புறாவுக்குக் கை எங்க இருக்கு?" என்றார் தலைவர்.

ஆடிட்டர், எதுவானாலும் இரண்டே கலரில் இருந்தால் பிரிண்டிங் செலவு குறையும் என்றார். மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "தரையிலேயே கிடக்கட்டும் சார்" என்றேன். புதிதாகச் சேர்ந்த அம்மாவுக்கு நல்ல பார்வை இருக்கிறது என்று தலைவர் பாராட்டினார்.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரைஸ் மில், கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு காம்ப்ளெக்ஸ். மேடையில் ஏறினால் ஏழைகளுக்காகக் குரல் தழுதழுக்கும். மேடையை விட்டு இறங்கினால் சரியாகிவிடும். பேசத் தெரிந்தவர் என்பதால்தான் அவரைத் தலைவராகப் போட்டார்கள். மற்ற இருவரும் அவருக்குத் தெரிந்தவர்கள். சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் நானும் ஒரு வக்கீலும் மட்டும். நான் விழுப்புரத்தில் வாடகை வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

2. குடுத்தாங்களா, குடுக்கலயா

நான் சேர்ந்து சில மாதங்கள் கழித்து ஏழுமலை வந்தார். கெடார்க்காரர். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலி வேலை ஓயவும், பிழைப்புக்காகக் குடும்பத்தோடு திண்டிவனம் வந்து ஒரு ரூமில் வாடகைக்கு இருந்தார். அவர் மனைவி செல்வி ஒரு வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டில் செயின் காணாமல் போனது. வீட்டம்மா செல்வி மேல் புகார் கொடுத்தார். போலீஸ் செல்வியைக் கைது செய்து பெண்கள் சிறைக்கு அனுப்பியது. செயின் மட்டும் யாரிடமும் அகப்படவில்லை.

ஏழுமலை நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். நின்றபடியே சொன்னார்: "ஜட்ஜம்மா ஜாமீன் குடுத்துட்டாங்க மேடம். ஆனா ஊட்டுக்கு அனுப்ப மாட்டேன்றாங்க. குடுத்தாங்களா குடுக்கலயான்னே எனக்கு வெளங்கல."

எங்கள் துறையே அந்த ஒரு வரிதான். ஜாமீன் உத்தரவு கிடைத்துவிட்டது. ஆனால் சொத்துள்ள இரண்டு பேர் வந்து, இவர் தப்பிப் போனால் நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த இருவரின் சொத்துக்கு வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ் சான்று வேண்டும். சொத்து இல்லாதவருக்குச் சொத்துள்ள நண்பர்கள் இருப்பார்கள் என்று சட்டம் எப்படியோ நம்புகிறது.

"ஊர்ல யாரும் இல்லியா?" என்று கேட்டேன்.

"எங்க அண்ணன் கீறாரு மேடம். பட்டா இன்னும் தாத்தா பேர்ல கீது. தாத்தா செத்து ரொம்ப நாள் ஆச்சி. கெடார் வி.ஏ.ஓ. நீதான் ஊர வுட்டுப் பூட்டியேன்றாரு. இங்க கேட்டா, நீ எந்த ஊர்றான்றாங்க. எத்தினி நாளா அலைஞ்சிக்கினு இருக்கேன், எனக்கே தெரில. கோர்ட்டாண்ட ஒரு ஆளு வந்து, நான் ஜாமீன் போடறேன், கைல என்னா வெச்சிருக்கன்னாரு. நீங்க சும்மா செய்வீங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்."

கோர்ட்டாண்ட நிற்கும் அந்த ஆளை எங்களுக்குத் தெரியும். ஒரே நிலத்தைக் காட்டிப் பல பேருக்கு ஜாமீன் போட்டவர். பலமுறை ஜாமீனுக்குப் போன நிலம் தாலுகாவிலேயே அது ஒன்றுதான். ஏழுமலை ஜட்ஜம்மா என்று சொன்ன, புதிதாக வந்த நடுவர் அம்மா அவரைக் கண்டுபிடித்துத் துரத்திவிட்டார்.

"பாப்பா எட்டாவது படிக்குது" என்றார் ஏழுமலை. "காலைல அதுதான் சோறாக்கி வெச்சிட்டுப் போவுது. அம்மா எங்கன்னு பள்ளிக்கூடத்துல கேட்டா, கெடாருக்குப் போயிருக்குன்னு சொல்லுதாம். நான் சொல்லிக் குடுக்கல மேடம். அதுவா சொல்லுது."

3. தீர்மானம்

மறுநாள் அறங்காவலர் கூட்டம் இருந்தது. எனக்குச் சுலபமாகத்தான் தெரிந்தது. ஜாமீன் முறையால் ஏழைகள் படும் துன்பத்துக்காகவே நடக்கும் அமைப்பு. அதில் சொத்துள்ள மூன்று பேர். வேண்டியதோ இரண்டு கையெழுத்து. என்னிடம் சொத்து என்று இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டி. நிலமோ வீடோ இருந்திருந்தால் நானே போட்டிருப்பேன்.

விஷயத்தைச் சொன்னேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பாவம்" என்றார். பிறகு, "என் பேர்ல எதுவும் இல்லம்மா. எல்லாம் சம்சாரம் பேர்ல இருக்கு" என்றார். மண்டபத்தின் முகப்பில் அவர் பெயரை அந்தப் பக்கம் போகிற பஸ்ஸிலிருந்தே படிக்கலாம்.

"பையன் கனடாவுக்கு விசா அப்ளை பண்ணிக்கினு இருக்கான். இந்த நேரத்துல கோர்ட் ரெக்கார்டுல என் பேரு வந்தா நல்லா இருக்காது" என்றார் பேராசிரியர்.

ஆடிட்டர், "எங்க தொழில்ல இதெல்லாம் எதிக்ஸ் பிரச்னை மேடம்" என்றார். என்ன எதிக்ஸ் என்று சொல்லவில்லை.

திடீரென்று தலைவர் முகம் மலர்ந்தது. "தமிழரசிம்மா, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. சொத்து ஜாமீனே கூடாதுன்னுதான நாம போராடறோம்? நாமளே போய்க் கையெழுத்துப் போட்டா, அந்த முறைய நாம ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடாது?"

மற்ற இருவருக்கும் மூச்சு வந்தது. "அடிப்படையான பாயிண்ட்டு சார்" என்றார் பேராசிரியர். ஐந்தே நிமிடத்தில் தீர்மானம் தயார். 'சொத்துப் பிணை முறையைக் கொள்கை அடிப்படையில் எதிர்க்கும் இவ்வறக்கட்டளை, அம்முறையில் எவ்வகையிலும் பங்கேற்பதில்லை.' ஒருமனதாக நிறைவேறியது. கை தட்டினார்கள். மினிட்ஸில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கோபத்தில் பேனா பேப்பரைக் கிழித்தது.

வெளியே வந்தேன். பதில் தெரிந்துகொள்ள வந்து பெஞ்சில் காத்திருந்த ஏழுமலை எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"கை தட்னாங்களே மேடம். போட்டுடறாங்களா?"



4. கோர்ட்டில்

வேறு வழி ஒன்று இருந்தது. சொத்து ஜாமீன் வேண்டாம், செல்வியின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சொந்த ஜாமீனிலேயே விடுங்கள் என்று மனுப் போடலாம். ஓடிப் போக மாட்டார், அவருக்கு இந்த ஊரில் வேர் இருக்கிறது என்று நடுவரை நம்ப வைக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க நான் அலைந்தேன். வீட்டு ஓனரைப் பார்த்தேன். வாடகையை ஒரு மாதமும் தள்ளிப் போடாத குடும்பம், எப்ப வேணும்னாலும் வரட்டும் என்றார். பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குத் தவறாமல் வரும் அம்மா என்றார் டீச்சர். சிறைக்குப் போய்ச் செல்வியையும் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, "நான் எடுக்கல மேடம்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். நம்புங்கள் என்று கெஞ்சவில்லை.

எங்கள் வக்கீல் மனுவை வாதாடினார். நடுவர் அம்மா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போன சட்ட விழிப்புணர்வு கேம்ப்ல உங்க தலைவர் எனக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தார். ஏழைகளை நம்புங்கள், அவர்கள் வருவார்கள், அதற்கு நான் பொறுப்புன்னு மைக்ல பேசினார். நல்லா பேசினார். அதையே இங்க வந்து சொல்லட்டும். கையெழுத்து, சொத்து எதுவும் வேணாம். வாயால சொன்னா போதும்."

தலைவருக்குப் போன் செய்தேன். "நடுவர் அம்மா உங்களை நேரில் கேட்க விரும்பறாங்க சார்" என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. சலவை வேட்டியோடும் ஒரு போட்டோகிராபரோடும் வந்தார். போட்டோகிராபரைக் கோர்ட் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நடுவர் கேட்டார்: "செல்வி வாய்தாவுக்கு வருவாங்களா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "மாண்புமிகு நடுவர் அவர்களே, விடுதலை என்பது…"

"ஐயா, இது மேடை இல்ல. வருவாங்களா, மாட்டாங்களா?"

"வருவார் என்று நம்பப்படுகிறது."

"யாரால?"

தலைவர் திரும்பி வாசலைப் பார்த்தார். "பொதுவாக… சமூகத்தால்."

"நீங்க நம்பறீங்களா?"

"எனக்கு அந்தம்மாவத் தனிப்பட்ட முறையில பழக்கம் இல்லீங்க."

கோர்ட் டவாலி குனிந்து தரையைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் நின்ற ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அடுத்து யார் வாயைத் திறப்பார்கள் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து, "நான் சொல்லலாங்களா மேடம்?" என்றேன். எங்கெங்கே போனேன், யார் யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார்கள் என்று சொன்னேன். நடுவர் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார். டீச்சர் சொன்னதை இரண்டு முறை கேட்டார். கடைசியில், "நீங்க நம்பறீங்களா?" என்றார்.

"நம்பறேன் மேடம். வரலன்னா நானே போய் இட்டுக்கிட்டு வர்றேன்."

சொந்த ஜாமீனில் விடச் சொல்லி உத்தரவு ஆனது. வெளியே தலைவர் ஒரு நிருபரிடம் பேசிக்கொண்டிருந்தார்: "எங்கள் தொடர் முயற்சியின் பலனாக…"

மறுநாள் சிறை வாசலுக்கு நானும் ஏழுமலையும் போயிருந்தோம். செல்வி கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். அழுகை, கட்டிப்பிடிப்பு எதுவும் இல்லை.

"பாப்பா ஸ்கூலுக்குப் போச்சா?" என்றார்.

"போச்சி போச்சி. ஜல்தி வா, பஸ்ஸு பூடும்" என்றார் ஏழுமலை. அவர் முன்னால் நடந்தார். நடந்துகொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

5. உடல்நிலை காரணமாக

செல்வி எல்லா வாய்தாவுக்கும் வந்தார். கோர்ட் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பார். வராதவர் புகார் கொடுத்த வீட்டம்மாதான். ஒரு முறை கல்யாணம், ஒரு முறை முழங்கால் வலி, ஒரு முறை திருப்பதி. அவர் வருவதற்கு யாரும் ஜாமீன் கேட்கவில்லை. வழக்கு சாட்சியமில்லாமல் இழுத்து இழுத்து விடுதலையில் முடிந்தது.

ஆனால் வீட்டு வேலைக்கு யாரும் செல்வியைச் சேர்க்கவில்லை. பேராசிரியர் வீட்டில் ஆள் தேடினார்கள். கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்ல பெரியவங்க இருக்காங்க, பயப்படுவாங்க" என்றார். செல்வி இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெஸ்ஸில் வேலை செய்கிறார். எங்கள் ஆண்டறிக்கை அட்டையில் தன் படத்தைப் போட விடவில்லை. சரியாகத்தான் செய்தார்.

அடுத்த கூட்டத்தில் நான் ஒரு விதியை முன்வைத்தேன். அறங்காவலர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு கைதிக்காவது தானே போய் விசாரித்து, கோர்ட்டில் நேரில் நின்று பொறுப்புச் சொல்ல வேண்டும். யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்தவர் பெயரை மினிட்ஸில் எழுத வேண்டும் அல்லவா? மிக நல்ல யோசனை, பரிசீலிக்கலாம் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று ராஜினாமாக் கடிதங்கள் வந்தன. மூன்றிலும் 'உடல்நிலை காரணமாக' என்று இருந்தது. அப்படியொரு தொற்று நோய் அதற்கு முன்னும் பின்னும் திண்டிவனத்தில் பரவியதில்லை. தலைவர் இப்போது ஏரிப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்குத் தலைவர். நல்ல ஏற்பாடு. ஏரியை யாரும் கைது செய்ய மாட்டார்கள்.

புதிய தலைவர் கிடைக்க நாள் பிடித்தது. வந்தவர்களில் பாதிப் பேர் லெட்டர்பேடு எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். கடைசியில் கோட்டக்குப்பத்திலிருந்து ரஹீம் பாய் வந்தார். வளைகுடாவில் பல வருடம் இருந்து திரும்பி விழுப்புரத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். ஏன் இதற்கு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்க என் மொதலாளி அரபி கையெழுத்துப் போடலன்னு ஊருக்கு வர முடியாம கெடந்தவன் மேடம் நானு. நான் ஒரு தப்பும் பண்ணல. பேப்பர்ல ஒரு கையெழுத்து இல்ல, அவ்ளோதான். எங்க அத்தா மவுத்தாகி அடக்கம் பண்ணதுக்குக்கூட வர முடியல" என்றார்.

அவருடைய முதல் கூட்டத்தில் வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் தயாராக இருந்தன. அவர் உட்கார்ந்ததும், "இன்னிக்கு தேதிக்கு ஜாமீன் கெடச்சும் உள்ள இருக்கறவங்க யாரு? பேரு சொல்லுங்க" என்றார். இந்தக் கேள்வி அந்த அறையில் அதுவரை எழுந்ததே இல்லை.

முகையூர் பக்கத்து ஆள் ஒருவர் பெயரைச் சொன்னேன். கொத்தனார், அடிதடி கேஸ்.

"ஆளு எப்படி? ஓடிப் போயிடுவாரா?"

"தெரியல பாய். இன்னும் விசாரிக்கல."

"அப்ப இங்க ஒக்காந்துக்கினு என்னா பண்றோம்?" என்று எழுந்துவிட்டார். பொன்னாடை மேசையிலேயே கிடந்தது.

இந்தத் துறைக்கு வரப்போகும் இளையவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல இதுதான் உண்டு. தலைவரைத் தேடும்போது கையில் மைக்கைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். நன்றாகப் பேசுவார். முன்பின் தெரியாத ஒருவர் பெயரைச் சொல்லி, இவர் வருவாரா என்று கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு பாவம் என்றால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். தெரியாது, போய்ப் பார்த்துட்டு வரலாம் என்று செருப்பைத் தேடினால், அவரை விட்டுவிடாதீர்கள். நீங்களும் கூடவே வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். நான் அன்று முகையூருக்கு அப்படித்தான் போனேன்.